துளைமுனிக்கு முடிப்புப் பூசை

கூனிமலைத் தேயிலைத் தோட்டத்தின் கீழ் டிவிசனில், மலை பார்க்க வந்த கம்பெனிக்காரர்கள் தங்கள் மிசினைக் கழற்றி லொறியில் ஏற்றிக்கொண்டு போன மறுநாள் காலை, அவர்கள் போட்ட மூன்றாம் நம்பர் துளையிலிருந்து கல் தானாகவே மேலே வரத் தொடங்கியது. அதை முதலில் கண்டவள் மேல் லயத்து வரிசைவீடுகளில் குடியிருக்கிற விஜயலெட்சுமி. கண்டாள் என்று சொல்வதுகூடச் சரியில்லை. ஆடு கட்டப் போனவள், மானாப்புல்லுக்கு நடுவில் முழங்கால் உயரத்துக்கு வழுவழுவென்று ஒரு கல் நிற்பதைப் பார்த்து, போகிறவர்கள் போகிற போக்கில் ஏதோ ஒரு நல்ல காரியமாவது செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைத்து, ஆட்டை அதில் இறுக்கிக் கட்டிவிட்டுக் கொழுந்தெடுக்கப் போய்விட்டாள். பின்னேரம் வந்து பார்த்தால் ஆடு பின்னங்காலில் நிற்கிறது. கயிறு கட்டிய இடம் அவள் நெஞ்சுக்கு மேலே ஏறியிருந்தது. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் ஆடு தொங்கியே இருக்கும். "எவன்டா அவன், வாயில்லாத சீவன்கிட்ட வந்து வெளாடுறது!" என்று அவள் போட்ட சத்தத்தில் லயமே திரண்டு வந்தது. வந்தவர்கள் ஆட்டை அவிழ்த்துவிட்டு, கல்லைச் சுற்றிக் குந்தி உட்கார்ந்து பார்த்தார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஒரு விரற்கடை வளர்ந்தது.

அந்தக் கம்பெனி அதற்கு முந்தின வருஷம் வந்தது. பென்சிலுக்குள் இருக்கிற காரீயம் இப்போது கார் ஓடுகிற பற்றரிக்குத் தேவைப்படுகிறதாம். ஊவா மாகாணத்து மலைகளுக்கடியில் அது ஓடுகிறதா, ஓடினால் எவ்வளவு ஆழத்தில் ஓடுகிறது என்று பார்த்துச் சொல்வது அவர்கள் தொழில். தோண்டி எடுக்கிறவர்கள் வேறு ஆட்கள். இவர்கள் சாதகம் பார்க்கிறவரைப் போல, சொல்லிவிட்டுப் போகிறவர்கள். அவர்களுடைய மிசின் ஓர் இரும்புக் குழாயைச் சுழற்றிச் சுழற்றி மலைக்குள் இறக்கும். குழாயின் வாயில் வைரத்தூள் பதித்திருக்கும். அது பாறையை வட்டமாக அறுத்துக்கொண்டு இறங்க, அறுபட்ட கல் மணிக்கட்டுப் பருமனில் தண்டாகக் குழாய்க்குள் ஏறி நிற்கும். குழாயை இழுத்தெடுத்து மரச் சுத்தியலால் தட்டினால் தண்டு வழுக்கிக்கொண்டு வெளியே வரும். அதைப் பள்ளம் வெட்டிய பலகைப் பெட்டிகளில் வரிசையாக அடுக்கி, தண்ணீர் தெளித்து, போட்டோ பிடிப்பார்கள். றில்வான் சேர் என்று ஒருவர், பண்டாரவளை டவுனில் சாமான் கடை வைத்திருக்கிறவரின் மகன், கம்பஸில் கல்லைப் பற்றியே படித்துப் பட்டம் வாங்கியவர், ஒவ்வொரு தண்டுக்கும் பக்கத்தில் குந்திக்கொண்டு பூதக்கண்ணாடியால் பார்ப்பார். நாலு தலைமுறையாக அந்த மலையின் முதுகில் ஏறி இறங்கிய சனம், அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று அதுவரை கண்டதில்லை. கறுப்பும் வெள்ளையும் வரிவரியாக, நடுநடுவே மாதுளை முத்து மாதிரி சிவப்புக் கல் பதிந்து, ஈரத்தில் மினுங்கிக்கொண்டு அது வெளியே வந்தபோது, வேலை முடிந்து கூடையோடு வந்த பெண்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள்.

தோட்டத்தில் எந்த வேலைக்கும் ஒரு சாமி உண்டு. தேயிலை வெட்டுகிறவர்களுக்குக் கவ்வாத்துசாமி, பெக்டரிச் சக்கரத்துக்கு ரோதைமுனி. வேலை தொடங்கும்போது ஒரு கல்லை நட்டு, மஞ்சள் குங்குமம் வைத்துச் சாமியைக் கூப்பிடுவார்கள். வேலை முடிந்ததும் சேவல் அறுத்துப் பொங்கிப் படைத்து, வேலை முடிந்துவிட்டது, போய் வா என்று சொல்லி அனுப்பிவைப்பார்கள். அதற்கு முடிப்புப் பூசை என்று பேர். கூப்பிட்ட வாய்தான் அனுப்பவும் வேண்டும். அனுப்பாமல் விட்டால் சாமி வேலையை நிறுத்தாது. இதை யார் சொன்னது, எந்த மலையில் நடந்தது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் மீறிப் பார்க்கிற தைரியமும் ஒருவருக்கும் வந்ததில்லை. ஆகவே புது மிசினுக்கும் ஒரு சாமி வேண்டும் என்று, கம்பெனியில் கூலிக்குச் சேர்ந்த தோட்டத்து ஆட்கள் ஒரே பிடியாக நின்றார்கள். முதல் துளையில் வந்த முதல் தண்டை றில்வான் சேரிடம் கேட்டு வாங்கி, பலாமரத்தடியில் நட்டு, துளைமுனி என்று பேர் வைத்தார்கள். பெட்டியில் அந்தத் தண்டுக்குரிய இடம் காலியாகவே கிடந்தது. கொழும்பிலிருந்து கேட்டால் என்ன பதில் சொல்வது என்று அவர் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். பிறகு, "சாமிக்குக் குடுத்தாச்சுன்னு சொல்றேன், வேற என்ன செய்ற" என்று சிரித்துவிட்டார். நல்ல மனுஷன்.

சாமியைக் கூப்பிட்டது புவனேந்திரன். கவ்வாத்துசாமிக்கு வருஷா வருஷம் பூசை போடுகிற கை அவனுடையது. நாற்பதைத் தாண்டிய ஆள், பேச்சுக் குறைவு. மண்சரிவுக்குப் பிறகு இன்னும் குறைவு. சில வருஷங்களுக்கு முன்னால் ஓர் ஐப்பசி மழையில், காலைச் சாப்பாட்டு நேரத்தில், மலையின் ஒரு பக்கம் கழன்று வந்து கீழ் லயத்தை ஆட்களோடு மூடிவிட்டது. புவனேந்திரன் அப்போது மேல்மலையில் வேலையில் இருந்தான். அவன் மனைவி நல்லம்மா, உடம்பு சுடுகிறது என்று அன்றைக்கு, வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குப் போகாமல் வீட்டில் இருந்தாள். ஆமிக்காரர்கள் வந்து தோண்டினார்கள். ஒரு கதவு கிடைத்தது, ஒரு ரேடியோ கிடைத்தது, சோடி சேராத செருப்புகள் கிடைத்தன. ஆட்களில் ஒருவர்கூடக் கிடைக்கவில்லை. கடைசியில் ஐயரையும் பிக்குவையும் கூட்டிவந்து மந்திரம் ஓதி, அந்தச் சரிவு முழுவதையும் மயானமாக அறிவித்துவிட்டுப் போய்விட்டார்கள். செத்தவளுக்குப் புருஷன் மூன்று பிடி மண் போட வேண்டும். மலையே மண்ணைப் போட்டுவிட்ட பிறகு அவன் எங்கே போய்ப் போடுவான்? அந்தக் குறை அவனை அரித்துக்கொண்டே இருந்தது. அதனால்தான் துளைமுனியைக் கூப்பிட்டபோது, "கல்லு ஒடையாம வரணும், நிக்காம வரணும், ஆளுக்கு ஒரு ஆபத்தும் வரக்கூடாது" என்று எல்லாருக்குமாகக் கேட்டுவிட்டு, சூடத்தைக் கொளுத்திய கையோடு, எல்லார் காதிலும் விழும்படி, "என் நல்லம்மாவயும் மேல கொண்டாந்துரு சாமி" என்று தனக்காகவும் ஒன்று கேட்டான். தோட்டத்துத் தலைவர் இராசையா பலாமரத்தில் எத்தனை காய் என்று எண்ணுகிறவரைப் போல அண்ணாந்து நின்றார்.

முதல் துளையில் காரீயம் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதைப் பழைய சரிவின் நடுவில் போட்டார்கள். அந்தத் துளைக்குப் புவனேந்திரன் லீவே போடவில்லை. சிவப்பு மண்ணைக் கடக்கும்வரை ஒவ்வொரு குழாயையும் தானே தட்டி இறக்கி, சேற்றைக் கையால் அளைந்து பார்த்தான். தேயிலை வேரைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை. பிறகு கெட்டிப் பாறை வந்தது. அவன் முகமும் அதைப் போலவே ஆகிவிட்டது. இப்படி இறக்கிக்கொண்டு போகும்போது ஒருநாள் கொழும்பிலிருந்து போன் வந்தது. உலகச் சந்தையில் ஏதோ இறங்கிவிட்டதாம், வேலையை நிறுத்து என்றார்கள். அன்றைக்கே மிசினைக் கழற்றினார்கள், அன்றைக்கே லொறியும் வந்தது. அந்த அமளியில் பலாமரத்தடியில் நிற்கிற சாமியை யார் நினைத்தார்கள்? சேவல் இல்லை, பொங்கல் இல்லை, ஒரு வார்த்தை இல்லை. வேறு எந்த ஊர்க்காரன் மறந்திருந்தாலும் ஒன்றும் நடந்திருக்காது. கூனிமலைக்காரர்கள் கூப்பிட்டார்கள், கூனிமலைக்காரர்களே மறந்தார்கள். நிக்காமல் வரணும் என்று கேட்ட வாக்குக்கு, நில் என்று மறுவாக்கு இல்லாமல் போயிற்று.

முதல் மாதத்தில் ஒருவரும் அதைப் பெரிய குறையாக நினைக்கவில்லை என்பதுதான் உண்மை. சும்மா வருகிற கல்லை யார் வேண்டாம் என்பார்கள்? ஆள் உயரம் வந்ததும் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் அடியோடு கழன்று விழும். அடுத்தது முளைக்கத் தொடங்கும். அதை வைத்து, மழைத்தண்ணீர் ஓடுகிற காணுக்குக் கரை கட்டினார்கள், வழுக்குகிற படிகளைத் திருத்தினார்கள், கோயிலுக்கு முன்னால் வரிசையாகத் தூண் நட்டார்கள், கிரிக்கெட்டுக்கு விக்கெட்டும் அதுதான். பசறையிலிருந்து வருகிற பஸ்காரன் போட்டோ பிடித்துப் போட, இரண்டு மூன்று வான் நிறையச் சனம் வந்து கல்லுக்குப் பக்கத்தில் நின்று டிக்டொக் எடுத்துக்கொண்டு போனது. றில்வான் சேர் கேள்விப்பட்டு மோட்டார் சைக்கிளில் வந்தார். கல்லைத் தொட்டுப் பார்த்தார், துளையில் காதை வைத்துக் கேட்டார், நெடுநேரம் புல்லில் உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்தார். கம்பெனி அவரை அனுப்பவில்லை. சும்மா இருக்க முடியாமல் அவராக வந்தார்.

வந்த கல்லும் சாமானியக் கல் இல்லை. பாறையின் வரிகளெல்லாம் முடிந்த பிறகு, பால் நிறத்தில் பளிங்கு வந்தது. அதைக் காதில் வைத்தால், கடலையே கண்டிராத பிள்ளைகளுக்கும் கடல் கேட்டது. அதற்குக் கீழே வந்த கல் பனிக்கட்டி மாதிரிக் குளிர்ந்தது, அதில் பால் போத்தலை வைத்தால் திரையாது. பிறகு கண்ணாடி மாதிரித் தெளிந்த ஒரு தண்டு வந்தது. அதற்குள் மழை பெய்துகொண்டிருந்தது. மெல்லிய மழை, ஊவாவில் மார்கழி மாதம் பெய்கிற மாதிரி, மேல் நுனியில் தொடங்கிக் கீழ் நுனிவரை விழுந்துகொண்டே இருந்தது. அதைத் தலைகீழாகத் திருப்பினாலும் மழை மேலிருந்து கீழேதான் பெய்தது. றில்வான் சேர் அதைக் கையில் ஏந்திக்கொண்டு அழுதுவிட்டார். "நான் படிச்ச ஒரு புத்தகத்திலயும் இது இல்ல, புவனேந்திரன் அண்ணன்" என்றார். அந்தத் தண்டு இப்போதும் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது, மழை விடவில்லை.

இவ்வளவு கல் வெளியே வந்தால் மலை என்ன ஆகும்? பதிந்தது. றில்வான் சேர் கணக்குப் போட்டுப் பார்த்து, வந்த கல்லுக்கு இவ்வளவு பதியவே கூடாது என்றார். மலை கணக்குப் போடவில்லை. கூனிமலையின் கூன் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. முதலில் அதிலும் நன்மைதான்: எட்டு மணிக்கு வருகிற வெயில் ஏழு மணிக்கே லயத்து வாசலுக்கு வந்தது, மூலைக்கு மூலை போனைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களுக்கு வீட்டுக்குள்ளேயே சிக்னல் கிடைத்தது. பிறகு மேல் லயத்தின் சுவரில் ஒரு கீறல் விழுந்தது. கதவுகள் பூட்ட மறுத்தன. நிலத்தில் வைத்த செம்பு தானாக உருண்டு வாசலுக்குப் போயிற்று. ஒரு கீறலுக்குள் ஒருநாள் விரல் போயிற்று, அடுத்த கிழமை கை போயிற்று. மண்சரிவு ஒபிசிலிருந்து வந்தவர்கள் பார்த்துவிட்டு, மழைக்கு முன்னால் எல்லாரும் எழும்பிப் போக வேண்டும் என்று சிவப்பு நோட்டீஸ் ஒட்டினார்கள். எங்கே போவது என்று நோட்டீஸில் இல்லை.

அப்போதுதான் தலைவர் இராசையாவுக்குச் சுருக்கென்று நினைவு வந்தது. "அட பாவிகளா, முடிப்புப் பூச போடலயேடா!" என்று தலையிலடித்துக்கொண்டு எழுந்தார். எல்லாரும் புவனேந்திரனின் வீட்டுக்குப் போனார்கள். சேவல் தயார், அரிசி தயார், அவன் வாய் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். புவனேந்திரன் வாசலில் நின்று கேட்டான். கேட்டுவிட்டு, "முடியாதுங்க" என்றான்.

அவனுக்கு ஏற்கெனவே நினைவிருந்தது. கல் முளைத்த முதல் நாளே நினைவிருந்தது. அவன் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தான் என்பது அந்தக் கிழமை துளையில் வந்த கல்லைப் பார்த்தபோது எல்லாருக்கும் விளங்கியது. அந்தத் தண்டின் நடுவில் வட்டமாக ஒரு துண்டு கூரைத் தகரம் பதிந்திருந்தது. அதற்கடுத்ததில் சாணி மெழுகிய தரை. அதற்கடுத்ததில் அடுப்புச் சாம்பல், தொட்டால் சுட்டது. கீழ் லயம் மண்ணோடு மண்ணாகப் போகவில்லை, மலையின் உள்ளே, பாறைக்கும் கீழே, போன மாதிரியே இறங்கிப்போய் இருந்திருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. ஆமிக்காரர்கள் தோண்டியது அரைவாசித் தூரம்கூட இல்லை. "சாமி நாம கேட்ட வரிசையிலதான் குடுக்குது. ஒடையாம வந்துச்சு. நிக்காம வந்துச்சு. இனி என்னோடது ஒண்ணுதான் பாக்கி. வர்ற நேரத்துல நான் எப்புடிங்க நிறுத்துவேன்?" என்று புவனேந்திரன் கேட்டான். சாம்பல் கல்லை அவன் வேட்டி மடிப்பில் கட்டி வைத்திருந்தான். தலைவர் கோபத்தோடு போனவர், சேவலை விஜயலெட்சுமியிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொன்னால் மனுஷ மனதைக் குறை சொன்ன மாதிரி ஆகிவிடும், இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். கீழ் லயத்தில் ஆளைப் பறிகொடுத்தவன் புவனேந்திரன் மட்டும் இல்லை. கூட்டத்தோடு வந்து "பூசையைப் போடு, எங்களைச் சாகடிக்காதே" என்று கத்தியவர்களே, பிறகு தனியாக, ஒவ்வொருவராக, தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் அவனைக் கண்டு, "இன்னும் ரெண்டு நாள் பொறுத்துப் பாப்பமா?" என்று காதோடு கேட்டுவிட்டுப் போனார்கள். விஜயலெட்சுமியும் கேட்டாள். அவளுடைய அண்ணன் கீழே இருந்தான். துளையைச் சுற்றி எப்போதும் நாலைந்து பேர் குந்தியிருந்தார்கள். ஒரு தண்டில் கண்ணாடி வளையலின் துண்டு வந்தால், யாருடைய வளையல் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வீடு சாய்வதைக் கண்ணால் கண்டுகொண்டே, கல் வருவதையும் கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தது அந்தச் சனம். புவனேந்திரன் வேலைக்குப் போவதை விட்டுவிட்டான். கல்லுக்குப் பக்கத்திலேயே ஒரு சாக்கைப் போட்டு உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு தண்டாகத் தொட்டுத் தொட்டு, "இன்னும் கொஞ்சம்தான், வந்துரு" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

விஜயலெட்சுமியின் மகள் மதுஷாவுக்கு அந்த மாதம் தலைப்பிரசவம். பதுளை ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்து வீட்டுக்கு வந்தது. தீட்டுக் கழித்துத் தொட்டில் போடுகிற நாளில், சேலையைக் கொண்டுபோய்ப் புவனேந்திரனிடம் கொடுத்து, "அண்ணே, நீங்க வந்து கட்டுங்க. ஒங்க முடிச்சு அவுறாது" என்றாள் விஜயலெட்சுமி. பூசை பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுக்கும்தான் வேறு நினைப்பு இல்லையே, முடிச்சு நன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அவன் எழும்ப மனமில்லாமல் எழும்பி வந்தான். கூரை மரத்தில் கயிற்றைப் போட்டு, சேலையை இரண்டாக மடித்து ஏற்றி, முடிச்சை இழுத்துப் பார்த்தான். பெண்கள் பிள்ளையைக் கொண்டுவந்து கிடத்தினார்கள். தொட்டில் அறையின் நடுவில்தான் கட்டப்பட்டது. ஆனால் அது தொங்கியதோ சுவரோரத்தில். பிள்ளை காலை உதைக்க, தொட்டில் சுவரில் மோதியது. முடிச்சைப் பிழையாகப் போட்டுவிட்டோமோ என்று புவனேந்திரன் மேலே பார்த்தான், கீழே பார்த்தான். தொட்டில் நேராகத்தான் தொங்கியது. வீடுதான் சாய்ந்திருந்தது. பழகிப் பழகி அது யார் கண்ணிலும் படாமல் போயிருந்தது. பிள்ளை இன்னொரு தடவை உதைத்தது, இன்னொரு தடவை மோதியது. சுவர்க் கீறலுக்குள்ளிருந்து கொஞ்சம் மண் உதிர்ந்து சேலையில் விழுந்தது.

அவன் அந்த மண்ணைக் கையால் தட்டிவிட்டான். பிறகு, "தங்கச்சி, அந்தச் சேவல் இருக்கா?" என்று கேட்டான்.

அன்றைக்கே, தூறலிலேயே பூசை நடந்தது. தோட்டமே வந்து பலாமரத்தடியில் நின்றது. ஆளைப் பறிகொடுத்தவர்கள் முன் வரிசையில் நின்றார்கள். ஞாயிற்றுக்கிழமையானபடியால் றில்வான் சேரும் நின்றார். புவனேந்திரன் சேவலை அறுத்தான், பொங்கலைப் படைத்தான், சூடத்தைக் கொளுத்தினான். தூறலில் அது அணையவில்லை. "தொளமுனி, வேல முடிஞ்சிருச்சு. கல்லு ஒடையாம வந்துச்சு, நிக்காம வந்துச்சு, ஒருத்தருக்கும் ஒரு கொறயும் வரல. நல்லா செஞ்ச. நான் எனக்குன்னு ஒண்ணு கேட்டேன். அத நீ தரவேணாம். அவ இருக்கிற எடத்துலயே இருக்கட்டும்." முன்வரிசையில் ஒருத்தி கேவினாள். அவன் சூடத்தை ஒருதரம் சுற்றிக் காட்டி, "மேல ஒரு புள்ள பொறந்திருக்கு. போயிட்டு வா சாமி" என்று முடித்தான்.

எல்லாரும் சரிவுக்கு ஓடினார்கள். கல் நின்றுவிட்டது. நின்றது எப்படித் தெரியும் என்றால், இத்தனை மாதமாக அதன் மேல் நுனியிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு சின்னச் சத்தம், காதுக்குப் பழகிப்போய்க் கேட்காமலே இருந்த சத்தம், அப்போது இல்லை. பிறகு மலை மூச்சு விட்டது. அதை வேறு மாதிரிச் சொல்லத் தெரியவில்லை. கூரைத் தகரங்கள் எல்லாம் ஒருதரம் கடகடத்து அடங்கின. தேயிலைச் செடிகள் உச்சியிலிருந்து அடிவாரம்வரை ஒருதரம் தலையசைத்தன. பாரத்தை இறக்கி வைத்தவள் உட்காருகிற மாதிரி மலை உட்கார்ந்தது. மேல் லயத்தின் கீறல்கள் தாங்களாகவே மூடிக்கொண்டன. சுவர்கள் நிமிர்ந்தன. மூடிய இடத்தில் கோடு மட்டும் இன்றைக்கும் தெரிகிறது, பிரசவித்த வயிற்றில் தெரிகிற மாதிரி. மதுஷாவின் வீட்டில் தொட்டில் அறைக்கு நடுவில் வந்து தொங்கியது. பிள்ளை தூங்கிக்கொண்டிருந்ததாம்.

கடைசியாக வந்து நின்ற தண்டு அடியில் தானாகக் கழன்று, மெல்லச் சாய்ந்தது. புவனேந்திரன் கீழே விழவிடாமல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டான். அதன் நுனி அவன் தோளில் வந்து பொருந்தியது. அந்தத் தண்டில் வரி இல்லை, சிவப்புப் புள்ளி இல்லை. மாநிறத்தில் ஒரே சீராக இருந்தது. தூறல் அதன் மேல் விழுந்து ஆவியானது. வெயிலில் வேலை செய்துவிட்டு வந்த உடம்பின் சூடு அதில் இருந்தது. மேல் நுனியிலிருந்து பாதி உயரம்வரை, பின்னிய கூந்தல் மாதிரி மூன்று புரியாக முறுக்கிக்கொண்டு ஒரு கறுப்புக் கீற்று இறங்கியிருந்தது. றில்வான் சேர் கிட்ட வந்து, பழக்கதோஷத்தில் பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தார். கீற்றை விரலால் தடவினார், விரல் கறுத்தது.

"இது காரீயம், அண்ணன். அசல் காரீயம். இந்த மலையில இவ்வளவு நாளும் தேடினது இதைத்தான்" என்றார். "மத்தது என்ன கல்லுன்னு எனக்குத் தெரியா."

"மத்தது எனக்குத் தெரியுங்க சேர்" என்றான் புவனேந்திரன்.

றில்வான் சேர் பூதக்கண்ணாடியைச் சட்டைப்பைக்குள் போட்டார். கறுத்த விரலைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டார். கம்பெனியிடம் அவர் என்ன சொன்னாரோ தெரியாது, அவர்கள் மறுபடி இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. துளையில் புவனேந்திரன் மூன்று பிடி மண் போட்டான். மற்றவர்களும் வரிசையாக வந்து, அவரவர் ஆளின் பேரைச் சொல்லி, மூன்று மூன்று பிடி போட்டார்கள். கடைசி ஆள் போட்டபோது துளை நிறைந்து மண் தரை மட்டத்துக்கு வந்தது. சிவப்பு நோட்டீஸை மழை கரைத்துவிட்டது.

தண்டைப் புவனேந்திரன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனான். அடுப்படியில், சுவரில் சாய்த்துவைத்தான். முதலில் கொஞ்ச நாள் சனம் அதைப் பார்க்க வந்தது. பிறகு அதோடு பேச வந்தது. விஜயலெட்சுமி தினமும் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வருகிற வழியில் உள்ளே எட்டிப் பார்த்து, அன்றைய மலையின் புதினத்தைச் சொல்லிவிட்டு, தன் அண்ணன் அங்கே எப்படி இருக்கிறான் என்று விசாரித்துவிட்டுப் போவாள். பதில் கிடைத்ததா என்று அவளிடம் யாரும் கேட்கவில்லை. போகும்போது அவள் முகம் தெளிந்திருக்கும், அது போதாதா? மழைக்காலத்தில் ஈரச் சேலைகளை அந்த வீட்டில்தான் காயப் போடுகிறார்கள். புவனேந்திரனுக்குப் பேச்சுக் கூடிவிட்டது. காலையில் பெரட்டுக்குப் போகுமுன், கதவை ஒருக்களித்துவிட்டு, "போயிட்டு வர்றேன்" என்று உள்ளே பார்த்துச் சொல்லாமல் அவன் படியிறங்குவதில்லை.

போன வருஷம் நாடு முழுக்க வீடு வீடாக ஆள் கணக்கு எடுத்தார்கள். கூனிமலைக்கு வந்தவர் பசறை டவுனைச் சேர்ந்த ஸிஹாமா டீச்சர். நடந்து நடந்து களைத்து, மழையில் நனைந்து, புவனேந்திரனின் வீட்டுக்கு வந்தபோது அவன் உள்ளே கூப்பிட்டு அடுப்படியில் உட்காரவைத்துத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தான். இந்த வீட்டில் எத்தனை பேர் என்று டீச்சர் கேட்டார். "நானும் நல்லம்மாவும், ரெண்டு பேருங்க" என்றான். டீச்சர் சுற்றிப் பார்த்தார். பக்கத்தில் சாய்ந்திருந்த தண்டில் அவர் முழங்கை பட்டது. எடுக்கவில்லை. நனைந்த கை உலரும்வரை அப்படியே வைத்திருந்தார். பிறகு, "அக்காக்கு எத்தின வயசு?" என்று கேட்டார்.

"போனப்ப முப்பத்தெட்டுங்க" என்றான் புவனேந்திரன். "அங்க இருந்த வருசத்தயும் சேத்துக்கங்க டீச்சர்."

டீச்சர் கூட்டி எழுதிக்கொண்டு, என்ன தொழில் என்று கேட்டார்.

"கொழுந்து எடுத்தவ. இப்ப வீட்டுல இருக்கா."

அதையும் எழுதிக்கொண்டு, தேத்தண்ணியைக் குடித்து முடித்து, இரண்டு பேரிடமும் சொல்லிக்கொண்டு, ஸிஹாமா டீச்சர் விஜயலெட்சுமியின் வீட்டுக்குப் போனார்.